நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நகர மனமில்லாமல் நிற்கிறது சரக்கு வண்டி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணிவிட்டேன்.
எண்ணுவதுதான் இந்த மாதம் எனக்கு வேலை:
மாநகராட்சிப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு டீச்சர்,
கழுத்தில் அட்டை, பையில் படிவம்,
கதவுக்குக் கதவு சாக்பீஸில் ஒரு எண்.

பழைய பட்டியலில் இந்தத் தெருவுக்கு முப்பத்தொரு வீடு.
பாதித் தெருவிலேயே சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.
பலராமன் வீடு ஏழாகியிருக்கிறது.
கூடத்தில் ஒரு குடும்பம், சமையலறையில் ஒரு குடும்பம்,
மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டியோடு ஒருவர்,
மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பதினாறு பேர்.
பலராமன்தான் இல்லை.
மாதவரம் பக்கம் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்,
ஐந்தாம் தேதி வாடகைக்கு வருவார்.

நான்காவது கேள்வி:
நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள் எத்தனை பேர்?

தகரத்தின் கீழ் எட்டுப் பாய்.
மணலியில் இரவு வேலை முடித்து வருகிறவன்
எழுந்துபோனவனின் சூடு ஆறுமுன் படுக்கிறான்.
"நைட்டு நான் இங்க இல்ல மேடம், பகல்ல கீறேன்.
எந்தக் கட்டத்துல போடுவ?"
கேட்டவன் சனாதன் பெஹரா, கேந்திரபாரா ஜில்லா, ஒடிசா.
அப்படிக் கட்டம் இல்லை என்றேன்.
"இன்னா மேடம், ஒரே பேஜாரா கீது."

பேனா அங்கேயே நின்றது.
என் மகள் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை.
அண்ணா நகர் பள்ளிக்கூடம்
அவள் நாக்கை நன்றாகத் துடைத்து அனுப்பியிருக்கிறது.
எந்த ஏரியா என்று கேட்டால்
"பெரம்பூர் பக்கம்" என்பாள்.
இவனோ காசிமேட்டில் மூன்று வருடம்
ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டே பொறுக்கிச் சேர்த்திருக்கிறான்:
நாஷ்டா, டப்பு, பேஜாரு.
உருது பேசி ஒன்று, தெலுங்கு பேசி ஒன்று,
இவனுக்கு முன்னால் மூட்டையோடு வந்து இறங்கி
அட்வான்ஸ் கொடுத்துத் தங்கிவிட்ட சொற்கள்.

கீழே தண்ணி லாரி. குடங்களின் சத்தம்.
"இவனுங்க வந்தப்புறம் வீட்டுக்கு மூணு கொடந்தான்.
அத்த எழுதிக்க டீச்சர்" என்றாள் தேசம்மா.
அதற்கும் கட்டம் இல்லை.
ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை,
போன வருடம் ஆறு குடம்.
அவள் இட்லிக் கடைப் பலகையில்
விலையெல்லாம் இந்தியில் இருக்கிறது.
எழுதிக்கொடுத்தவன் பெஹரா.
கூலி நாலு இட்லி, சட்னி தனியாக.

கடைசியில் என் வீடு.
தாய்மொழி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அப்பா மில் வேலைக்குச் சூலூர்பேட்டையிலிருந்து வந்தவர்.
இரண்டு தலைமுறையாகத் தமிழில்தான் சண்டை, தமிழில்தான் கணக்கு.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கடைசி நாள்
அம்மா "நீள்ளு" என்றாள்.
எனக்குப் புரிந்தது. தண்ணீர் கொடுத்தேன்.
மகள் எட்டிப் பார்த்தாள்:
"தமிழ்னே போடும்மா, எதுக்கு வம்பு."
எதைப் போட்டேன் என்பதை விடுங்கள்.

சூபர்வைசர் பெஹரா வீட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.
எட்டுப் பாய்க்கு எட்டுப் பேர்தானே வரும் டீச்சர்?
நாளைக்குப் பார்க்கலாம் சார் என்று
பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மறுபடியும் கேட் மூடியிருந்தது.
பைக்குகள், ஷேர் ஆட்டோ, மீன் கூடை,
குனிந்து தண்டவாளம் தாண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
எந்த மொழியில் என்று தெரியாமல் எல்லாருடைய திட்டும்.
எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன்.
பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.
டிஃபன் பாக்ஸ் ஹாண்டில்பாரில் ஆடியது.
"மேடம், நைட்டுல நான் எங்க கீறேன்னு கேட்டியே," என்றான் பெஹரா,
"இங்கதான். கேட்டுலதான். எழுதிக்க."