பத்து டோக்கன்

மாதத்துக்குப் பத்து.
வியாசர்பாடி டிப்போவில்
ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொடுத்து
கையெழுத்துப் போட்டு வாங்கியது.
போட்டோவில் இருப்பது நான்தானா என்று
அந்த அம்மா இரண்டு முறை பார்த்தார்.
நானும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

போக ஒன்று, வர ஒன்று.
ஆக, மாதத்தில் ஐந்து தடவை
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
ஊருக்குள் போய் வரலாம் நான்.

முதல் ஜோடி பென்ஷன் பாங்குக்கு.
அடுத்தது எழும்பூர் கண்ணாஸ்பத்திரி.
வலது கண்ணில் புரை இன்னும் பழுக்கவில்லையாம்;
மாம்பழத்தைச் சொல்வதுபோல் சொல்கிறார் டாக்டர்.
பழுக்கும்வரை பஸ் நம்பரைப் படித்துச் சொல்ல
பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் வேண்டும்.
அவன் காதில் பாட்டு. தோளைத் தட்ட வேண்டும்.
மூன்றாவது, திருவல்லிக்கேணி ரியாசுதீனுக்கு.
சர்க்கரை அவன் இடது காலை எடுத்துக்கொண்டது.
கேரம் போர்டில் பவுடர் தூவிக் காத்திருப்பான்,
சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தெரியாதவன்,
முப்பது வருஷமாக.
நாலாவது ஜோடி சாவுக்கு.
இந்த வயதில் மாதம் ஒன்றாவது விழுகிறது.
யாரும் சாகாத மாதங்களில்
மிச்சம் பிடித்ததுபோல் ஒரு சந்தோஷம்,
வெளியே சொல்ல முடியாது.

டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தவரை இந்தக் கணக்கெல்லாம் இல்லை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
மழைத் தண்ணிக்கு அடியில் இருந்த பள்ளம்
எனக்குத் தெரியவில்லை,
சக்கரத்துக்குத் தெரிந்தது.
இப்போது தண்ணிக் கேன் போடும் சுதாகர் ஓட்டுகிறான்.
தெருமுனையில் அது இருமும்போதே
என் வண்டி என்று தெரிந்துவிடும்.
நாலு கேனோடு என்னைக் கடந்து போகும்.
திரும்பிப் பார்க்காது.

வேளச்சேரியிலிருந்து பூங்கோதை கார் அனுப்புவாள்.
அவள் போனில் புக்கிங், அவள் போனில் ஓடிபி.
டிரைவர் கேட்பார், நான் அவளைக் கூப்பிடுவேன்,
அவள் மீட்டிங்கில் இருப்பாள்.
நாலு எண் வரும்வரை
என் வாசலில் நிற்கும் கார் நகராது.
ஏசி உண்டு, மெத்தை உண்டு, குறை சொல்லக் கூடாது.
"அப்பா, சென்ட்ரல் தாண்டிட்டீங்க" என்பாள்.
ஜன்னலில் நான் பார்ப்பதற்குள்
திரையில் அவள் பார்த்துவிடுவாள்.
புளியந்தோப்பில் ஒருநாள்
டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னேன்.
"ஏம்பா நகரவே இல்ல?" உடனே போன்.
கொரியரில் வருகிற சட்டைக்கும்
இப்படித்தான் இருக்கும் போல.

ஐந்தாவது ஜோடி எதற்கும் இல்லை.
வருகிற பஸ்ஸில் ஏறுவேன்.
படி உயரம். முழங்கால் ஒரு வார்த்தை பேசும்.
"பெருசு, கம்பியப் புடி" என்பார் கண்டக்டர்.
அதில் மரியாதை இல்லை, அக்கறை இருக்கிறது.
இரண்டும் சேர்ந்து வந்தால்தான் எனக்குப் பயம்.
போன மாதம் தாழ்தள பஸ் ஒன்று
புஸ்ஸென்று மூச்சு விட்டு
என் பக்கமாகச் சாய்ந்தது.
அரசு அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம்
சூப்பிரண்டுகளுக்குக் குனிந்தவன்
ஏறாமல் ஒரு நொடி நின்றுவிட்டேன்.
பின்னால் இருந்தவர் திட்டினார்.

இன்று முப்பது. பெட்டியில் ஒற்றை டோக்கன்.
ரியாசுதீன் மருமகன் அன்றைக்கு
பைக்கில் கொண்டுவந்து விட்டதில் மிஞ்சியது.
போகலாம், வருவதற்கு இல்லை.
அதற்கு வேறு அர்த்தம் எடுக்கிறவர்கள்
என் வயதில் நிறைய இருக்கிறார்கள்.
நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மாடிப்படி இறங்கினேன்.
திரும்பி வர ஷேர் ஆட்டோ இருக்கிறது,
ஆறு பேர் இடத்தில் எட்டாவது ஆளாக,
டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து,
இருபது ரூபாய்.
சில்லறையாகவே வைத்திருக்கிறேன்.