வாசனை இருக்கிறதா?

தண்ணீர் மீட்டரின் இரும்பு மூடிக்குப் பின்னால்
மார்ச்சில் முளைத்தது. நான் நட்டதில்லை.
மும்மூன்று இலை. ஏதோ அவரை என்று விட்டுவிட்டேன்.
ஜூனில் வேலிக்கு அப்பால் இறங்கி
டிரீவா ஹட்ச்சின்ஸின் ஏசி பெட்டியைச்
சுற்றிப் பிடித்தது.

"வீட்டையே விழுங்குமே, அந்த குட்ஸூ கொடி" என்றாள்.
"வெட்டு. இல்லாவிட்டால் நகராட்சிக்கு எழுதுவேன்."
எழுதினாள். மஞ்சள் தாள் வந்தது. பத்து நாள் கெடு.

ஒன்பதாம் நாள் பூத்தது.

பூ என்றால், எப்படிச் சொல்ல,
ஒரு நத்தையைப் பாதி ஊதாவிலும்
பாதி வெண்ணெயிலும் தோய்த்துக்
காம்பில் ஒட்டியது போல.
இதழ் முறுக்கிக்கொண்டு தன் வாலைத் தானே தேடுகிறது.
பிரவுன்ஸ்வில்லில் நாற்பது வருஷம் இருக்கிறேன்.
இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

விவசாய அலுவலகத்தில் நோர்பெர்ட்டோ என்ற பையன்
தொப்பியைக் கழற்றாமலே படத்தைப் பெரிதாக்கினான்.
"குட்ஸூ இல்லை, நத்தைக்கொடி. ஆனால்
அதில் இரண்டு உண்டு, மிஸ்டர் லோங்கோரியா.
அசல் ஒன்று, அதன் சாயலில் இன்னொன்று.
அசல் மணக்கும். அது காய்ப்பது அபூர்வம்.
மற்றதற்கு மணமில்லை, காய்த்துத் தள்ளும்.
மோந்து பாருங்கள். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

கப்பல் உடைக்கும் துறையில் இருபத்தாறு வருஷம்
டார்ச் பிடித்தவன் நான்.
பழைய போர்க்கப்பல்களின் பெயின்ட்
புகையாய்ப் போன வழியில் என் மூக்கும் போனது.
எந்தத் திங்கட்கிழமை என்று தெரியாது.
ஒருநாள் காபி வெறும் சூடாக மட்டும் இருந்தது.
கேஸ் கசிந்தால் கத்துவதற்குச் சுவரில் ஒரு கருவி இருக்கிறது.
பூ கசிந்தால் கத்த எதுவும் இல்லை.

நத்தைக்குள் மூக்கை நுழைத்தேன்.
ஈரம். குளிர்ச்சி. ஒரு எறும்பு.
எறும்பு எதில்தான் ஏறாது?

பத்தாம் நாள் சாயங்காலம்
கத்தரிக்கோலும் கையுமாய் வேலியைத் தட்டினேன்.
"டிரீவா, ஒரு நிமிஷம் உன் மூக்கு வேண்டும்."
கத்தரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.
ஏசி நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது.

"இருக்கு."
"எது மாதிரி?"
திரும்பவும் குனிந்தாள்.
"புதுச் சோப்பு சுற்றியிருக்கும் காகிதம்.
சோப்பு இல்லை, காகிதம்.
கூடக் கொஞ்சம் முலாம்பழத் தோல்."
முலாம்பழம் எனக்கு நினைவிருந்தது,
முன்னொரு வீட்டின் கதவு எண் நினைவிருப்பது போல.

மஞ்சள் தாளைப் பற்றி இருவரும் பேசவில்லை.
ஏசியிலிருந்து தண்டை அவிழ்த்துக்
கயிறு கட்டி வேலியோடு திருப்பினேன்.
முடிச்சின் மேல் அவள் விரல் வைத்துக்கொண்டாள்.
அடியில் மணல் கலந்தேன், நீர் தேங்காமலிருக்க.
ஆகஸ்டில் இரண்டு வேளை தண்ணீர்.
உறைபனி இறங்கினால் வேரை மூட
ஒரு தார்ப்பாயும் எடுத்து வைத்தாயிற்று.

தினமும் ஆறரைக்கு வந்து மோந்துவிட்டுச் சொல்வாள்.
ஒருநாள் சோப்புக் காகிதம்.
ஒருநாள் மழைக்கு முந்தைய தபால் பெட்டி.
ஒருநாள், "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."
ஆறேகாலுக்கு நான் சட்டை மாற்ற ஆரம்பித்திருந்தேன்.

அக்டோபரில், பழுத்த இலைகளை ஒதுக்கும்போது
விரலில் தட்டியது:
பட்டையாய், நீளமாய், ஒரு காய்.
அதன் பின்னால் இன்னொன்று.
எண்ணினேன். பதினேழு.

எல்லாவற்றையும் பறித்து வாளியில் போட்டேன்.
மேலே நேற்றைய செய்தித்தாள்.
வாளியைக் காலால் புதருக்குள் தள்ளினேன்.

ஆறரை. பக்கத்து வீட்டின் வலைக்கதவு கிறீச்சிட்டது.

"இன்னிக்கு எப்படி, டிரீவா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.