குணம்

கம்மியம்பேட்டைக் காப்பகத்துப் பதிவேட்டில்
ஆறு கட்டங்கள்.
எண், பிடித்த இடம், நிறம், ஆணா பெண்ணா,
குணம்,
கடைசியில், கொடுத்த இடம்.

புதுச் சட்டம் வந்தபின்
அந்தக் கடைசிக் கட்டம் போதவில்லை.
நிறுவனத்தின் பெயர் நீளம்.
சுருக்கி எழுதப் பழகிவிட்டேன்.

"ஏழு நாட்களுக்குள் உரிமை கோரப்படாத பிராணியை
ஆராய்ச்சிக்கு வழங்கலாம்."
தட்டச்சு செய்ததும் நான்தான்.
ஒரு பிழை இல்லை.

வியாழக்கிழமை வேன் வரும்.
வெள்ளைச் சட்டை இளைஞன்
பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கம்பிக்குள் கை நீட்டுவான்.
கடிக்கும் என்றிருந்தால்
அந்தக் கூண்டுப் பக்கமே போவதில்லை.
அவை கருத்தடை முடிந்து
பிடித்த இடத்துக்கே திரும்பிவிடும்.
முகர்ந்து, நக்கி,
கேட்காமலே முன்காலைக் கொடுப்பதற்குத்தான்
கழுத்தில் மஞ்சள் பட்டை.
அவனும் நல்ல பையன்.
பிஸ்கட் கொண்டுவருவான்.
வேன் கெடிலம் பாலம் ஏறும்போது
ஒரு குரைப்பு கேட்காது.

நாற்பத்தொன்று.
துறைமுகம், செம்பழுப்பு, ஆண்.
மீன்கூடையோடு மூன்று முறை வந்துவிட்டாள் அஞ்சலாட்சி.
"எங்க தொரைங்க அது. உட்டுடுங்க."
உன்னுடையது என்று கையெழுத்துப் போடு, என்றேன்.
பேனாவை வாங்கினாள்.
கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பித் தந்தாள்.
"மீன் தலை நான் போடறேன்.
சோறு ஐஸ் கம்பெனிக்காரன் போடறான்.
படுக்கிறது யார் போட்டுக்கடியிலயோ.
என்னுதுன்னு எப்படிங்க எழுதறது?
வேணும்னா தொறமுகம்னு எழுதிக்குங்க."

சட்டத்தில் துறைமுகத்துக்குக் கையெழுத்து இல்லை.

தினமும் காலையில்
தொப்புளுக்குப் பக்கத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டுதான்
வேலைக்கு வருகிறேன்.
நூறு வருடம் முன்பு
அதற்காக வயிறு அறுபட்டவையும் நாய்கள் என்று
எங்கோ படித்தேன்.
படிக்காமல் இருந்திருக்கலாம்.
அன்றிலிருந்து ஊசி ஏறும்போது
சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.
இது குணமாகாது,
கட்டுக்குள் இருக்கும் என்கிறார் டாக்டர்.

புதன் மாலை.
கூண்டு கழுவ வெளியே விட்டிருந்தார்கள்.
நாற்பத்தொன்று
என் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்குகிறது.
செருப்பில் கால் இருக்கிறது,
அசைக்கவில்லை.
குணம் என்ற கட்டத்தில்
"கடிக்கும்" என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
முதல் பொய்.
கையெழுத்து அழகாகத்தான் வந்தது.

மை காய ஊதிவிட்டு நிமிர்ந்தேன்.

நாற்பத்திரண்டு
எழுந்து நின்று
வாலை ஆட்டியது.