மிலேஹாவில் ஒரு பொறி

பாலைவனத்தில் பிழைத்துக் கிடப்பது எப்படி:
இரண்டு பகல், ஓர் இரவு,
தொள்ளாயிரம் திர்ஹாம், தண்ணீர் உட்பட.
படிவத்தின் கடைசிப் பத்தியில்
என் உயிருக்கு நானே பொறுப்பு என்றிருந்ததாம்.
வாசிக்காமல் கையெழுத்திட்டேன்.
விமானத்தில் இருந்து இறங்கிய நாள் தொட்டு
அப்படித்தான் பழக்கம்.

என்ன வேலை என்றாள் ஷம்மா.
வகுப்பெடுப்பவள். வயது இருபத்தாறு,
போன வருடம் வரை வங்கியில் கடன் பிரிவு.
தீத்தடுப்பு ஆய்வாளர் என்றேன்.
ஷார்ஜாவில் நாற்பத்தொரு கட்டடங்கள்,
ஒன்பது வருடமாக
எதுவும் பற்றிக்கொள்ளாமல் பார்த்து வருகிறேன்.
அவள் அரபியில் ஏதோ முணுமுணுத்தது
புரிந்தும் புரியாதவன் போல் நின்றேன்.

கைப்பேசிகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.
மூடிய பிறகும் உள்ளே
யாரோ யாரையோ கூப்பிட்டபடி இருந்தார்கள்.

காஃப் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம்.
வெட்டினால் அபராதம்,
உதிர்ந்ததைத்தான் எடுக்கலாம்.
இலையை உருவிப் பார்த்தேன்:
வன்னி.
எங்கள் பேச்சில் இந்த மரத்துக்கும் நெருப்புக்கும் ஒரே பெயர் என்று
பல் மருத்துவர் நதீமிடம் சொல்லத் தொடங்கி
பாதியில் விட்டேன்.
ஏன் என்று கேட்டால்
என்னிடம் பதில் கிடையாது.

கோலுக்குக் காய்ந்த எருக்கந்தண்டு.
பலகைக்கு ஈச்ச மட்டை.
வளைந்த குச்சியில் கயிறு பூட்டினால் வில்.
இழு, தள்ளு, இழு.
கோல் துள்ளித் துள்ளி ஓடியது.
ஒரே வில்லை ஆளுக்கொரு முனை பிடித்த
ரொவேனாவும் அவள் புருஷனும் போட்ட சண்டைக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
இருட்டும்வரை ஒருவருக்கும் வரவில்லை.
ஷம்மா சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து
தேநீர் வைத்தாள்.
இதுவும் பாடம்தான் என்றாள்.

ஏசி ஓடாத இரவு
காதை அடைத்தது.
தொலைவில் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால்
வானத்தின் அடிவயிற்றில்
நான் சான்று கொடுத்த வெளிச்சங்கள்.

விடிவதற்கு முன்
யாரும் பார்க்காத நேரமாக எழுந்து
மறுபடி உட்கார்ந்தேன்.
இடது முட்டி மணலில், வலது பாதம் பலகையில்.
உள்ளங்கை எரிந்தது. எண்ணுவதை நிறுத்தினேன்.
பிறகு ஒரு வாசனை.
பலகையின் காடியில் கறுப்புத் தூள்,
தூளுக்குள் மிளகளவு
சிவப்பு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
மூளைக்குத் தகவல் போகும் முன்பே
கால் போய்விட்டது.
மிதித்தேன்.
திருப்பி ஒருமுறை, அழுத்தி மிதித்தேன்.
மேலே மணலும் போட்டேன்.

நிமிர்ந்தால் எதிரே ஷம்மா,
குருவிக்கூடு போல் பிரித்த ஈச்ச நாரை
இரு கையிலும் ஏந்திக்கொண்டு.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
'பரவவிடலை, நல்ல வேலை' என்றாள்.
நதீம் சிரித்துச் சிரித்து
இருமலில் போய் முடித்தார்.

மதியத்துக்குள் இன்னும் நாலு முறை முயன்றேன்.
எருக்கந்தண்டுதான் தீர்ந்தது.
எல்லோருக்கும் போல எனக்கும் கொடுத்தார்கள்
தேறினார் என்று ஒரு சான்றிதழ்.

திங்கட்கிழமை அல் நஹ்தா, இருபத்து மூன்று மாடி.
டப்பாவில் அடைத்த புகையை
உணரியின் மூக்கில் பீச்சினேன்.
மணி அலறியது.
படி படியாக இறங்கினார்கள்:
தலை ஈரம் சொட்ட ஒரு பெண்,
ரைஸ் குக்கரை அணைத்துக்கொண்டு ஒருவன்,
கிளிக்கூண்டோடு ஒரு சிறுவன்.
நின்று நிமிடம் பார்த்தேன். ஒன்பதரை. பரவாயில்லை.

கையுறைக்குள் கொப்புளம் உடைந்து
படிவத்தில் ஒரு சொட்டு.

சிறுவன் என் அருகே வந்தான்.
அங்கிள், நெருப்பு எங்கே?
சோதனைதான், நெருப்பு இல்லை என்று
எப்போதும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்.
நேற்று இருந்தது என்றேன்.
கிளி என்னையே பார்த்தது.