இருபத்தேழாம் எண்

அம்மாப்பேட்டையில் எங்கள் பள்ளியின் பின்சுவர்
ஒரு தறிப்பட்டறையின் முன்சுவர்.
பன்னிரண்டு விசைத்தறிகள்.
டீச்சர்களுக்கு அது தலைவலி.
எனக்கு
பெஞ்சின் மரம் வழியே தொடைக்கு ஏறிவரும் ஒன்று.
கரண்ட் போனால்
வகுப்பில் முதலில் தெரிவது எனக்குத்தான்.

முகாமில் கொடுத்த மெஷின்
தோல் நிறம் என்றார்கள்.
எங்கள் தெருவில் யாருக்கும் அந்த நிறமில்லை.
டீச்சரின் குரல், ஃபேன், டிபன் மூடி
எல்லாவற்றையும் ஒரே விலைக்கு எடைபோட்டுக் கொட்டும்.
நடுவில் தானே விசிலடிக்கும்.
அதற்கும் நான்தான் வெளியே நிற்பேன்.

சொல்வதை எழுதுதல்.
உதட்டில் பணமும் மணமும் ஒன்று,
பாலையும் மாலையும் ஒன்று.
எழில்மதி டீச்சர் வாயைக் கூட்டித் திறந்தார்.
மாடு என்று எழுதினேன்.
அவர் சொன்னது பாடு.
பத்துக்கு நான்கு.
வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று
ழகரத்தைத் தேடினேன்.
நாக்கு மடிந்து உள்ளே போனது,
வெளியே ஒன்றுமே தெரியவில்லை.
எல்லோரும் பெருமைப்படும் எழுத்து அது.

வருகைப் பதிவு மட்டும் எனக்குத் தப்பியதில்லை.
டீச்சர் குனிந்தே வாசிப்பார்.
தில்ஷாத்தின் முழங்கை விலாவில் இடிக்கும்,
எழுவேன்.
உள்ளேன் டீச்சர்.
மூன்று வருடம் என் பெயர்
அந்த முழங்கையாகத்தான் இருந்தது.

ஏழாம் வகுப்பு, பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது.
பதினோரு நாள்.
முதல் மூன்று நாளும்
டீச்சரின் குடை தொங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில்,
மூன்றாம் பெஞ்சில்,
இரட்டைச் சடையோடு
நான் வராமல் இருந்தேன்.

அப்பாவுக்குச் சீட்டுப் போனது.
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தவர்
குழாயைக் கீழே வைத்துவிட்டு
எங்கடி போன என்று கேட்டார்.
ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.
கோபத்தில்தான் மனிதர்கள்
வாயை முழுதாகத் திறக்கிறார்கள்.

நான்காம் நாள்
முன்பெஞ்சில் செங்கமலத்தின் முதுகையே பார்த்திருந்தேன்.
அவள் இருபத்தாறு.
எழுந்தாள், உட்கார்ந்தாள்.
ஒரு மூச்சு விட்டு எழுந்தேன்.
உள்ளேன்.
டீச்சர் நிமிரக்கூட இல்லை,
பேனா மட்டும் நகர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் தில்ஷாத் வந்தாள்,
நெற்றியில் இரண்டு புதுக் குழிகளோடு.
இருபத்தாறு உட்கார்ந்தது.
அவள் முழங்கை வந்தபோது
நான் நின்றுகொண்டிருந்தேன்.
அது காற்றை இடித்துத் திரும்பியது.

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.
அதாவது,
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.