பக்கத்து வீட்டுக்காரருக்கு

இரண்டு, ஒன்று, ஒன்று.
அழுத்தினால் என் காதில் வந்து விழும்.
பிப்ரவரிச் செவ்வாய், காலை ஆறு நாற்பது,
மேய்ன் மாநிலத்தின் வடகோடி,
சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு.

"எனக்கில்லை" என்றது குரல், வணக்கத்துக்கும் முன்னால்.
"பக்கத்து வீட்டுக்காரருக்கு.
எண்ணெய்த் தொட்டியில் முள் படுத்துவிட்டது.
அவர் கேட்கமாட்டார். ஒரு மாதிரி ஆள்."

பெயர்? தயங்கி, "ஆர்மண்ட்" என்றார்.
அஞ்சல் எண் தயங்காமல் வந்தது.
பிறந்த தேதியும்.
ஓய்வூதியம் எவ்வளவு என்றேன்.
டாலரும் சென்ட்டுமாகச் சொன்னார்.
பக்கத்து வீட்டின் சில்லறை வரை தெரிந்தவர்
உலகத்தில் எத்தனை பேர்!

பன்னிரண்டு வருடம் இந்த நாற்காலியில்.
நண்பனுக்காக, தங்கைக்காக,
சும்மா தெரிந்துகொள்ள என்று அழைப்பவர்களின்
மூச்சு எனக்குத் தெரியும்.
கையும் களவுமாகப் பிடிக்கக் கூடாது.
பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும்,
எண்ணெய் போகாது.

பின்னால் எங்கோ ஓர் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.
"உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்
குளிருக்கு கேஸ் அடுப்பின் கதவைத்
திறந்து வைப்பாரா?"
வெகு நேரம் ஒன்றுமில்லை.
"சில நேரம்."
"மூடச் சொல்கிறீர்களா? விஷவாயு சேரும்.
வாசனையே இருக்காது."
டப்பென்று ஒரு சத்தம்.
"சொல்லிவிட்டேன்" என்றார்.

உதவி அலுவலகத்தின் எண்ணை நான் சொல்லச் சொல்ல
பென்சில் உரசியது.
அவசர நிரப்பல் நாளை மதியத்துக்குள் வரலாம்.
வரும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
'லாம்' என்பதை
எத்தனை மெதுவாகக் கீழே வைத்தாலும்
சத்தம் கேட்டுவிடுகிறது.

"தேவாலயத்தில் பனிக்காலணி கொடுக்கிறார்கள்.
அவருடைய அளவு..."
"பத்தரை."
கேள்வி முடியவில்லை இன்னும்.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
அழைத்தது தனக்காகவா, பிறருக்காகவா.
திரையில் அம்புக்குறி நடுவில் நின்றது.
பிறருக்காக என்று அழுத்தினேன்.
லொரெய்ன் மேலதிகாரி, கேட்டால் கேட்கட்டும்.

மார்ச்சில் அதே குரல்.
வேறு யாரோ எடுத்து எனக்கு மாற்றினார்கள்.
"எண்ணெய் வந்ததாம். சொல்லச் சொன்னார்.
காலணிதான் இறுக்கம்,
தடித்த உறை போட முடியவில்லையாம்."
பதினொன்று கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
"அவரிடம் சொல்கிறேன்" என்றார்.