ஸ்தோத்திரக் காணிக்கை

காய்ச்சல் விட்ட பதினோராம் நாள்
கவரில் ஐம்பது ரூபாய் வைத்து ஒட்டினேன்.
றெஜினுக்குச் சுகம் தந்ததற்காக என்று எழுதி
அடியில் எங்கள் மூன்று பேர் பெயரையும்
கொட்டை எழுத்தில் போட்டேன்.
பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கிய இரவில்
பாறசாலை ஆஸ்பத்திரி வராந்தாவில்
நேர்ந்துகொண்டது ஐந்நூறு.
மீதியை, ரப்பர் ஷீட்டுக்கு விலை ஏறியதும்
தருவதாக ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுநாள் பள்ளி இருந்ததால்
கவரோடு அவன் முன்னால் போனான்.
எங்கள் வீடு களியக்காவிளை, தமிழ்நாடு.
கோவில் அந்தப் பக்கம், கேரளம்.
நடுவில் சோதனைச்சாவடி, ஒரு கோழிக்கடை,
அது தாண்டினால் இஞ்சிவிளை ரோட்டோரம்
குடை விரித்த லாட்டரி மேசைகள்.

ஆராதனை நடுவே அறிவிப்பு.
செயலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்:
மேசாக் குடும்பம், கிணற்றில் தண்ணீர் கண்டதற்காக, இருநூறு.
ஹெலன்பாய், மகளுக்கு நர்சிங் சீட் கிட்டியதற்காக, ஆயிரம்.
பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், நூறு.
நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு
முகத்தைத் தாழ்மையாக வைத்துக்கொண்டேன்.
அடுத்தது நாங்கள்தான்.
அடுத்தது நாங்களில்லை.
அதற்கடுத்ததும் இல்லை.
தாளை மடித்தார். பாட்டு நம்பர் சொன்னார்.
என்ன பாடினேன் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் செருப்பைத் தேடும்போதே பிடித்துக் கேட்டேன்.
நிக்கர் பையிலிருந்து எடுத்து நீட்டினான்,
நாலாய் மடித்த ஒரு லாட்டரிச் சீட்டு.
"அந்தச் சேச்சி காலையிலேருந்து
ஒண்ணுகூட விக்கலியாம்மா.
கையில ஊசி போட்ட பிளாஸ்திரி இருந்திச்சு,
எனக்கு இருந்த மாதிரியே."

அறைந்துவிட்டேன்.
கோவில் முற்றத்தில், மேசாக்கின் மனைவி பார்க்க.
எந்தக் கன்னத்தில் கன்னம் வைத்து
இதை மட்டும் எடுத்துவிடாதேயும் என்று கெஞ்சினேனோ
அந்தக் கன்னத்தில்.

வழியெல்லாம் மனதுக்குள் வசனங்கள் வந்தன,
கர்த்தருடைய பங்கைப் பற்றி, சூதாட்டத்தைப் பற்றி.
எல்லாமே சரியான வசனங்கள்.
கோழிக்கடை அருகே வந்தபோது
வேறொன்று வந்தது, எந்த அதிகாரத்திலும் இல்லாதது:
பெயர் மட்டும் வாசிக்கப்பட்டிருந்தால்
எங்கே போனது பணம் என்று கேட்டிருப்பாயா?
தலை திருப்பி
கம்பிக்கூட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மூன்று மணிக்குக் குலுக்கல்.
அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு
போனில் முடிவைப் பார்த்தேன்.
ஆமாம், பார்த்தேன்.
முதல் பரிசிலிருந்து கடைசிவரை,
விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு.
"ஒண்ணும் கிட்டலை" என்றேன், அவன் கேட்காமலே.
மரச்சீனியில் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி,
"நமக்கு விடும்மா, அந்தச் சேச்சிக்கு
பாக்கிச் சீட்டெல்லாம் வித்திருக்குமா?" என்றான்.
அவன் அப்பா சிரித்தார்.
சிரித்து, எழுந்துபோய்
கை கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

இரவு, விளக்கை அணைத்த பிறகு சொன்னேன்,
"அடிச்சது தப்பு மக்கா."
இருட்டில்தான் எனக்கு அது வாயில் வந்தது.
"செரி" என்று திரும்பிப் படுத்தான்.
வருஷக்கணக்காய் முழங்காலில் நின்று
நான் கேட்டுக்கொண்டிருப்பதை
ஒரு கொட்டாவிக்குள் கொடுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு இன்னொரு கவர்.
பெயர் எழுதும் கோட்டில் பேனா நின்றது.
பெயர் சொல்ல விரும்பாத அந்த ஒருவர்
யாராக இருக்கும், எப்படித் தூங்குவார்
என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன்.
பிறகு எழுதினேன்,
எங்கள் மூன்று பேரையும், கொஞ்சம் சின்ன எழுத்தில்.
அவனுக்குத்தான் காய்ச்சல் விட்டிருக்கிறது.
எனக்கு இன்னும் லேசாகச் சுடுகிறது.